இருபத்து நாலு லில்லிக் கிழங்கு

அன்று குருபூசை. மலைக்குடிலில் இருந்தவர்கள் ஏழு பேர்.

குருவான வடிவம்மை, வயது நாற்பத்து நாலு. சீடர்களில் மூத்தவரான அம்பலவாணன், அறுபத்தொன்று. அவருக்கு ஏழு வருஷம் பிந்தி வந்த பொன்னுரங்கம், ஐம்பத்து நாலு. அடுப்படி பார்க்கும் மாரக்காள். விறகுக்கும் தண்ணீருக்கும் சடையன். இலை தைக்கும் பூரணம். காது மந்தமான காசிமாயன்.

கடைசி நாலு பேரும் தங்கள் வயதைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள். அதனால் எழுதவில்லை.

ஏழு பேரும் காலைக் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்பலவாணன் மட்டும் தொடவில்லை.

"அம்மா, என் பூவில என்ன குறை?" என்று கேட்டார்.

வடிவம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"குறை ஒண்ணும் இல்லைங்களே."

"அப்புறம் ஏன் பதினோரு நாளா அந்தப் பாத்தியிலேயே பறிக்கிறீங்க?"

அந்தப் பாத்தி என்றால் பொன்னுரங்கத்தின் பாத்தி. பொன்னுரங்கம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

குடிலில் எல்லோரும் கண்மூடி உட்காரும் அறையில் ஒரு செம்பு உண்டு. லில்லி பூக்கிற வைகாசி, ஆனி மாதங்களில் தினம் காலையில் அம்மை தம் கையால் ஒரே ஒரு பூப் பறித்து அதில் வைப்பார். வெள்ளைப் பூ. ஒரு சாண் நீளம். ஒன்று இருந்தால் போதும், அறை முழுக்க மணக்கும்.

அந்த வருஷம் பதினோரு பூப் பறித்தாகிவிட்டது. பதினொன்றும் பொன்னுரங்கத்தின் பூ. குருபூசை அன்றாவது மாறும் என்று அம்பலவாணன் நினைத்திருந்தார். மாறவில்லை.

அம்மை கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார்.

"உங்க பாத்தியில பூவும் மொட்டுமா எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

"பொன்னுரங்கத்துப் பாத்தியில?"

"முப்பத்து மூணு. பதினொண்ணு பறிச்சாச்சு. பறிக்காம விட்டிருந்தா நாப்பத்து நாலு."

சொல்லி முடித்த பிறகுதான், கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. சடையன் கஞ்சிக்குள் சிரித்தார்.

"நான் ஒண்ணு பறிச்சா உங்க முப்பத்தொண்ணு முப்பதாயிடுமே. அதான் கை வரலைங்க" என்றார் அம்மை.

அம்பலவாணனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"அடுத்த குருபூசைக்கு அந்தச் செம்புல என் பூ இருக்கணும், அம்மா. இல்லைன்னா நான் மலை இறங்கிடுவேன்."

காசிமாயன், உப்புப் போதவில்லையா என்று மாரக்காளைக் கேட்டார்.

"சரி" என்றார் அம்மை. சட்டியை எடுத்து மீதிக் கஞ்சியைக் குடித்தார்.

அந்த லில்லியெல்லாம் ஒரு காலத்தில் அம்பலவாணனுடையவை.

அவர் ஒட்டன்சத்திரத்தில் ஒரு வெங்காய மண்டியில் முப்பது வருஷம் எடை போட்டவர். மனைவி போன பிறகு மலை ஏறினார். அப்போது குடிலுக்குப் பின்னால் லில்லி புதராய்க் கிடந்தது. அவர்தான் தோண்டி எடுத்தார். கயிறு கட்டி, சாணுக்கு ஒன்றாக, வரிசைக்கு எட்டாக, ஆறு வரிசை நட்டார். நாற்பத்தெட்டுக் கிழங்கு.

ஏழு வருஷம் அந்தச் செம்பில் இருந்தது அவர் பூதான். வேறு யார் பூவும் இருக்க வழியில்லை.

பிறகு பொன்னுரங்கம் வந்தார். பழனியில் தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டவர். அவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, லில்லியில் பாதியைக் கொடுக்கும்படி அம்மை சொன்னார்.

அம்பலவாணன் கொடுத்தார். எண்ணி இருபத்து நாலு. சிறியதாய்ப் பார்த்து இருபத்து நாலு.

பொன்னுரங்கம் கயிறு கட்டவில்லை. வரிசை கோணல். ஒரு கிழங்குக்கும் இன்னொன்றுக்கும் ஒரு இடத்தில் முழம், ஒரு இடத்தில் நாலு விரல். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்பலவாணனுக்குக் கை அரிக்கும்.

லில்லிப் பூவுக்கு நடுவில் ஆறு பை தொங்கும். விரிந்தால் மஞ்சள் பொடி. துணியில் பட்டால் போகாது. அம்பலவாணன் தினமும் விடிந்ததும் தம் பூ ஒவ்வொன்றிலும் ஆறு பையையும் கிள்ளிவிடுவார். வெள்ளை வெள்ளையாக இருக்க வேண்டும். கிள்ளிய பிறகு கையைக் கழுவிவிடுவார். ஒரு பூவையும் முகர்ந்து பார்த்ததில்லை. எட்ட நின்றாலே வருகிற வாசம் போதும் என்பார்.

பொன்னுரங்கம் எதையும் கிள்ள மாட்டார். பூவுக்குள் முகத்தை விடுவார். மூக்கு நுனியில் மஞ்சளோடுதான் கஞ்சிக்கு வருவார். வேட்டியிலும் மஞ்சள். முப்பது வருஷம் ஊரார் துணியைக் கறை படாமல் பார்த்த ஆளா இது என்று மாரக்காள் கேட்பாள். அது ஊரார் துணி, இது என் துணி என்பார்.

இந்த மனிதருடைய பாத்தியில் நாற்பத்து நாலு. காரணம் தெரியவில்லை.

தெரியாததுதான் அம்பலவாணனை அரித்தது.

புரட்டாசி வந்தது. ஐப்பசி மழைக்கு அந்தச் சரிவில் தண்ணீர் நிற்கும். கிழங்கு அழுகும். அதனால் வருஷா வருஷம் புரட்டாசியில் தோண்டி எடுத்து மணல் பெட்டியில் வைத்து, தையில் திரும்ப நடுவது அந்தக் குடிலின் பழக்கம்.

பொன்னுரங்கம் அப்போது இல்லை. மகளின் பிரசவத்துக்குப் பழனி போயிருந்தார். இரண்டு பாத்தியையும் அம்பலவாணனே எடுத்துவிடட்டும் என்று அம்மை சொல்லிவிட்டார்.

முதலில் தம் பாத்தியைத் தோண்டினார். இருபத்து நாலு. மண்ணைத் தட்டி, துணியால் துடைத்து, மணலில் அடுக்கினார்.

பிறகு அடுத்த பாத்தி.

முதல் கிழங்கை எடுத்ததும் கை தானாக எடை போட்டது. முப்பது வருஷத்துக் கை. தம் கிழங்கு மூன்று சேர்ந்தால் கால் கிலோ. இது இரண்டே போதும்.

இவர் சிறியதாய்ப் பார்த்துக் கொடுத்த கிழங்கு.

சந்தேகம் தீர இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படித்தான். இருபத்து நாலையும் எடுத்து வைத்தார். இருபத்து நாலும் அப்படித்தான்.

சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. சடையன் விறகுக்குப் போயிருந்தார்.

அம்பலவாணன் ஒரு கிழங்கில் இரண்டு கட்டைவிரலையும் நுழைத்து அழுத்தினார். அது பிளந்தது. பிளந்ததைப் பிய்த்தார். பல்பல்லாக உதிர்ந்தது.

வெங்காயம் அவருக்குத் தெரியும். நசுங்கின வெங்காயம் மூன்று நாள் தாங்காது. பிய்ந்த வெங்காயம் ஒரு நாள். மண்டியில் அந்த மாதிரி ஒன்று கிடந்தால் உடனே எடுத்துக் குப்பையில் எறிய வேண்டும். இல்லையென்றால் மூட்டையே போய்விடும்.

இருபத்து நாலையும் பிய்த்தார். மொத்தம் எத்தனை பல் என்று அன்று மட்டும் அவர் எண்ணவில்லை.

எல்லாவற்றையும் முறத்தில் அள்ளி, தோட்டத்துக் கோடியில் சருகு கொட்டும் குழியில் போட்டார். மேலே நாலு முறம் சருகு கொட்டினார். கையைக் கழுவினார்.

சாயங்காலம் அம்மையிடம் போய் நின்றார்.

"பொன்னுரங்கத்துப் பாத்தியை முள்ளம்பன்றி கிளறிட்டுதுங்க, அம்மா. கிழங்கையெல்லாம் தின்னுட்டுது."

"எத்தனை?"

"இருபத்து நாலும்."

"உங்க பாத்தியில?"

"ஒண்ணும் தொடலை."

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஒரு காம்பை உருவி முடித்தார். இன்னொரு காம்பை எடுத்தார்.

"எண்ணத் தெரிஞ்ச முள்ளம்பன்றி போல" என்றார்.

அவ்வளவுதான்.

பதினைந்து நாள் கழித்துப் பொன்னுரங்கம் வந்தார். பேத்தி பிறந்திருந்தாள். ஆளுக்கொரு லட்டு கொண்டுவந்தார். அம்பலவாணனுக்கு மட்டும் இரண்டு. என் பாத்தியையும் சேர்த்துப் பார்த்தீங்களே என்றார்.

அம்பலவாணன் முள்ளம்பன்றிக் கதையைச் சொன்னார்.

பொன்னுரங்கம் வெறும் பாத்தி ஓரம் போய்க் குந்தினார். கொஞ்ச நேரம் மண்ணைப் பார்த்தார்.

"பசிச்சிருக்கும்" என்றார்.

அப்புறம், ஒரு முள்ளாவது விழுந்திருக்கும், பேத்திக்குக் காட்டலாம் என்று தேடினார். பாத்தி முழுக்கத் தேடினார். வேலி ஓரம் தேடினார். அம்பலவாணனும் கூடச் சேர்ந்து தேட வேண்டியதாயிற்று.

முள் கிடைக்கவில்லை.

தை மாதம் நடவு.

அம்பலவாணன் கயிறு கட்டி, சாணுக்கு ஒன்றாக இருபத்து நாலையும் நட்டார். பக்கத்துப் பாத்தி சும்மா கிடந்தது.

அம்மை வந்து இரண்டு பாத்திக்கும் நடுவில் நின்றார்.

"இதில பாதியைப் பொன்னுரங்கத்துக்குக் கொடுக்க முடியுங்களா?"

அம்பலவாணன் உடனே பதில் சொன்னார். பதிலைப் புரட்டாசியிலேயே யோசித்து வைத்திருந்தார். பாதி கொடுத்தால் பன்னிரண்டு பன்னிரண்டாகிவிடும், இரண்டு பாத்தியும் சோகையாக நிற்கும், ஒரு வருஷம் போகட்டும், பக்கக் கிழங்கு விட்டதும் பிரித்துக்கொள்ளலாம் என்றார்.

"சரி" என்றார் அம்மை.

பிறகு சருகுக் குழிக்குப் போனார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார். குச்சியால் ஒரு இடத்தில் கிளறிப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"மக்கு நல்லா ஆயிருக்கு. அந்தப் பாத்தி சும்மாத்தானே கிடக்கு. அத்தனையையும் உங்க பாத்திக்கே போட்டுக்குங்க."

அம்பலவாணனுக்குச் சந்தோஷம். முப்பத்தாறு கூடை மக்கு. கறுப்பாய், உதிரியாய், கை வைத்தால் சூடாய். கூடை கூடையாகப் பொன்னுரங்கம்தான் சுமந்து கொடுத்தார். எனக்குத்தான் இந்த வருஷம் பாத்தி வேலை இல்லையே, அண்ணே என்றார்.

வைகாசியில் மொட்டுக் கட்டியது. முதல் பூ விரிந்த அன்று அம்மை பாத்தி ஓரம் வந்தார்.

"பறிக்கலாங்களா? ஒண்ணு குறையும்."

"பறிங்க, அம்மா."

செம்பில் அம்பலவாணனின் பூ. இரண்டு வருஷத்துக்குப் பிறகு. அன்று கண்மூடி உட்கார்ந்தபோது அவர் மட்டும் கண்ணைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டார்.

மறுநாளும் அவர் பூ. அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் பொன்னுரங்கம் வந்து ஒரு உதவி கேட்டார்.

"அண்ணே, ஒரே ஒரு பூவில மட்டும் அந்தப் பொடியைக் கிள்ளாம விடுவீங்களா?"

"எதுக்குப்பா?"

"சும்மாதான்."

அம்பலவாணன் ஓரத்தில் ஒன்றை விட்டு வைத்தார். பொன்னுரங்கம் தினமும் காலையில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து அதற்குள் முகத்தை விடுவார். நிமிரும்போது கண் மூடியிருக்கும். மூக்கில் மஞ்சள்.

"என்ன வாசம்ண்ணே, உங்க பூ" என்பார்.

அதில் குத்தல் இருக்கிறதா என்று அம்பலவாணன் தேடிப் பார்த்தார். முள்ளம்பன்றி முள்ளைத் தேடிய மாதிரி தேடினார். இல்லை.

தனியாக இருந்தபோது அவரும் ஒரு பூவை எட்டி முகர்ந்தார். வெள்ளைத் துணியை முகர்ந்த மாதிரி இருந்தது. இன்னொன்றை முகர்ந்தார். ஜலதோஷமாக இருக்கும் என்று நினைத்தார். ஜலதோஷம் இல்லை.

பூ இருந்தது. செம்பு கிடைத்தது. வாசம் மட்டும் வேலியைத் தாண்டி அந்த ஆளுடன் போய்விட்டது.

போன வருஷம் நாற்பத்து நாலு பூ வைத்திருந்தவரைப் பார்த்து வயிறு எரிந்தது. ஒரு பூவும் இல்லாதவரைப் பார்த்து இந்த வருஷம் அதைவிட எரிந்தது.

மக்கு போட்டதாலோ என்னவோ, பாத்தியில் புல் அதிகம். செடிக்குச் செடி நடுவில், ஒல்லி ஒல்லியாக, ஒற்றை ஒற்றை இலையாக. அம்பலவாணன் மாசியிலேயே கவனித்தார். நட்ட புதிதில் வேரைக் கிளறக் கூடாது என்று விட்டு வைத்தார்.

குருபூசைக்கு முதல்நாள் மத்தியானம், நாளைக்குப் பாத்தி துப்புரவாக இருக்கட்டும் என்று களைக்கொத்தோடு உட்கார்ந்தார். முதல் புல்லைப் பிடித்து இழுத்தார்.

வந்தது புல் இல்லை.

அடியில் வெள்ளையாய் ஒரு சின்னக் கிழங்கு. கொண்டைக்கடலை அளவு. அதன் முதுகில் பழுப்பாய், வதங்கி, ஒரு பழைய பல் ஒட்டிக்கொண்டிருந்தது.

பல்லின் மேல் பிறை மாதிரி ஒரு தழும்பு. கட்டைவிரல் நகம் பதிந்த தழும்பு.

அம்பலவாணன் தம் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது.



பிடுங்கி எறிந்தால் புல். யாரும் கேட்கப்போவதில்லை. பொன்னுரங்கம் கேட்கவே மாட்டார். கேட்டாலும் அதற்கும் பசித்திருக்கும் என்பார். கேட்கக் கூடியவர் ஒருவர்தான். அவர் கேட்டுவிட்டார், புரட்டாசியில்.

இரண்டாவதைப் பிடித்தார். இழுக்கக் கை வரவில்லை. களைக்கொத்தால் சுற்றி மண்ணை இளக்கி, வேர் அறாமல் எடுத்தார்.

பொழுது சாயும்வரை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் வைத்தார். ஈரச் சாக்கைப் போட்டு மூடினார்.

மறுநாள் காலை. அதே ஏழு பேர். வடிவம்மை, அம்பலவாணன், பொன்னுரங்கம், மாரக்காள், சடையன், பூரணம், காசிமாயன். எல்லோருக்கும் ஒரு வயது கூடியிருந்தது.

செம்பில் அம்பலவாணனின் பூ இருந்தது. அன்று அவர் பொடியைக் கிள்ளவில்லை. கிள்ள நினைவில்லை.

அவர் கடைசியாக வந்தார். இடுப்பில் முறம். தோளில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் இரண்டு வேட்டி, ஒரு துண்டு.

"என் பூ செம்புல இல்லைன்னா இறங்கிடுவேன்னு சொன்னேன், அம்மா. இன்னைக்கு இருக்கு. அதனால இறங்கறேன்."



அம்பலவாணன் பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"முள்ளம்பன்றி நான்தான்."

முறத்தை அவர் முன்னால் வைத்துச் சாக்கை எடுத்தார். நடந்ததைச் சொன்னார். கையால் எடை போட்டது, பிய்த்தது, குழியில் போட்டது, நாலு முறம் சருகு கொட்டியது. குறைத்துச் சொல்லவில்லை. கூட்டியும் சொல்லவில்லை.

பொன்னுரங்கம் ஒரு சின்னக் கிழங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் இருந்த பழுப்புப் பல்லைப் பார்த்தார். முகம் மாறியது. முள் தேடிய நாளில்கூட அப்படி மாறவில்லை.

"நான் வேலி ஓரமெல்லாம் தேடினேனே, அண்ணே" என்றார். "கூடவே தேடினீங்களே."

அம்பலவாணன் சாக்கை மடித்துக் கீழே வைத்தார்.

"முப்பது வருஷம் மண்டியில இருந்தீங்களே" என்றார் அம்மை. "ஒரு நாளும் பூண்டு எடை போட்டதில்லைங்களா? பல்லைப் பிய்ச்சுத்தானே அதை நடறது?"

"இல்லைங்க, அம்மா. வெங்காயம் மட்டும்தான்."

சடையனுக்குச் சிரிப்பு வந்தது. பூரணம் முழங்கையால் இடித்தாள்.

"எத்தனை பிழைச்சிருக்கு?" என்று பொன்னுரங்கம் கேட்டார்.

"எண்ணலை."

மாரக்காள் கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். அம்பலவாணன் எண்ணாத ஒன்றை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"பையைக் கீழே வைங்க" என்றார் அம்மை. "முதல்ல எண்ணுங்க."

அம்மை எழுந்து போய்ச் செம்பைப் பூவோடு எடுத்துவந்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இடம் நெருக்கமாகிவிட்டது. அம்பலவாணன் குந்தி உட்கார்ந்து, குனிந்து, ஒவ்வொன்றாக எண்ணினார். குனிந்த ஒவ்வொரு தடவையும் பூ முகத்தில் பட்டது. இரண்டு தடவை எண்ணிக்கை தவறியது. இரண்டு தடவையும் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டு, முதலிலிருந்து எண்ணினார்.

மூன்றாவது தடவை முடித்தார்.

"இருநூத்துப் பதினாலு."

நிமிர்ந்தார். மூக்கு நுனியில் மஞ்சள். ஆறு பேரும் பார்த்தார்கள். யாரும் சொல்லவில்லை.

"அவருக்கு எத்தனை கொடுத்தீங்க, முதல்ல?" என்று அம்மை கேட்டார்.

"இருபத்து நாலு."

"அதைக் கொடுங்க."

அம்பலவாணன் முறத்தில் கையை விட்டுத் துழாவினார். பெரியதாய்ப் பார்த்து இருபத்து நாலு எடுத்தார். பொன்னுரங்கத்தின் துண்டில் வைத்தார்.

பொன்னுரங்கம் துண்டைப் பார்த்தார்.

"போன தடவை சின்னதாப் பார்த்துக் கொடுத்தீங்க."

அம்பலவாணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தெரியுமா?"

"பாத்திட்டுத்தானே இருந்தேன்."

"அப்ப ஏன்ப்பா கேட்கலை?"

"கேட்டிருந்தா மாத்திக் கொடுத்திருப்பீங்களா?"

அம்பலவாணன் யோசித்தார்.

"மாட்டேன்."

"அதான்" என்றார் பொன்னுரங்கம். துண்டின் நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். போட்ட பிறகு, அவர் முகம் கொஞ்சம் பழைய முகமாகியிருந்தது.

"இப்ப முறத்துல எத்தனை?" என்றார் அம்மை.

"நூத்துத் தொண்ணூறு."

"இது யாருதுங்க?"

அம்பலவாணன் பொன்னுரங்கத்தைப் பார்த்தார். பொன்னுரங்கம் முடிச்சைக் காட்டினார். என்னுடையது வந்துவிட்டது என்றார்.

அம்பலவாணன் முறத்தைப் பார்த்தார். தமதென்று சொல்ல வாய் வரவில்லை. இவர் நட்டதில்லை. பிய்த்துப் போட்டது.

"யாருதுன்னு தெரியலைங்க, அம்மா."

"அப்ப எல்லாருக்கும் பிரிங்க. எத்தனை பேர் இருக்கோம்?"

"ஏழு."

அம்பலவாணன் பிரித்தார். மண்டிக் கை. ஏழு குவியல், ஒவ்வொன்றிலும் இருபத்தேழு. மாரக்காள் முந்தானையில் வாங்கிக்கொண்டாள். பூரணம் தைத்து வைத்திருந்த இலையை நீட்டினாள். சடையன் இரண்டு கையிலும் வாங்கினார், கொள்ளவில்லை, கஞ்சிச் சட்டியை நீட்டினார். காசிமாயன் தம் பங்கை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்ன வெங்காயத்தை எப்படி உரிப்பது என்று மாரக்காளைக் கேட்டார். உரிக்க வேண்டாம், நட வேண்டும் என்று அவள் அவர் காதில் கத்திச் சொன்னாள். பொன்னுரங்கம் இன்னொரு முடிச்சுப் போட்டார். அம்மையின் பங்கு அவர் பக்கத்தில் தரையில் இருந்தது.

ஏழாவது குவியலை அம்பலவாணன் தமக்கென்று எடுக்கவில்லை. அம்மைதான் எடுத்து, அவருடைய மஞ்சள் பையைத் திறந்து, வேட்டிக்கு மேலே போட்டார். பையை ஆணியில் மாட்டினார்.

"மீதி?" என்று கேட்டார்.

அம்பலவாணன் முறத்தைத் தட்டிப் பார்த்தார். மண்ணுக்குள் கிடந்ததை எடுத்தார்.

"ஒண்ணு, அம்மா."

அம்மை அதை வாங்கினார். மண்ணை ஊதினார். அம்பலவாணனின் உள்ளங்கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"என் பங்கு இருபத்தேழு வந்துட்டுதுங்களே."

"இது உங்களுக்கு இல்லைங்க" என்றார் அம்மை. "முள்ளம்பன்றிக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

அம்பலவாணன் அதைப் பார்த்தார். முதுகில் பழுப்புப் பல். பல்லில் பிறை.

"இதை எங்கே நடறதுங்க, அம்மா?"

"அது எங்கே குடியிருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

அம்மை கஞ்சிச் சட்டியை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். சடையனுக்கு மாரக்காள் வேறு சட்டி கொடுத்தாள். செம்பில் இருந்த பூ அறை முழுக்க மணத்துக்கொண்டிருந்தது.

அம்பலவாணன் விரல்களை மடக்கினார்.

முறத்தில் ஒன்றும் இல்லை. கையில் ஒன்று.